கட்டுமரமும் கேட்டமரானும்

உவரி,
ஆடி 10

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, நாலு நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. கப்பல் மாதா கோயில் பக்கம் உட்கார்ந்து, தாள் பறக்காமல் கல்லை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆக்லாந்தில் கேட்டமரானில், அந்த இரண்டு உடல் பாய்மரப் படகில், வேலை கிடைத்தது ரொம்ப சந்தோஷம். ஆனால், 'நம்ம கட்டுமரத்துப் பேர்தானே, பயமில்லை' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கூத்தங்குழிக்கு நேரே நம் மரம் கவிழ்ந்த அன்று என்ன செய்தோம்? கயிற்றைப் பிடித்து, ஓரத்தில் ஏறி மிதித்து, புரட்டிப் போட்டு ஏறிக்கொண்டோம். இறைக்கத் தண்ணீர்கூட இல்லை. கேட்டமரானை அப்படிப் புரட்ட முடியாது மக்கா. அதன் பலமே அகலம்தான். கவிழ்ந்துவிட்டால் அதே அகலம் அதைத் தலைகீழாகவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒற்றை உடல் பாய்மரப் படகுக்கு அடியில் கீல் என்று ஈயம் வைத்த கனமான அடிக்கட்டை இருக்கிறது. சாயும், குடலைப் புரட்டும், ஆனால் உருண்டாலும் எழும். 2018இல் தென் இந்தியப் பெருங்கடலில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு துரியா அப்படித்தான் உருண்டது. பாய்மரம் ஒடிந்து, அவர் முதுகெலும்பும் முறிந்தது. படகு நிமிர்ந்துகொண்டதால் மூன்று நாள் அதற்குள்ளேயே படுத்துக் கிடந்து பிழைத்தார்.

உன் படகையும் குறை சொல்லவில்லை. ஈயம் சுமக்காததால் கவிழ்ந்தாலும் பெரும்பாலும் மிதக்கும். 1989இல் ரோஸ்-நோயல் என்ற மூன்று உடல் படகு கவிழ்ந்து, நாலு பேர் 119 நாள் அதிலேயே மிதந்து உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஒதுங்கிய இடம் கிரேட் பேரியர் தீவு, நீ இருக்கும் ஊருக்கு எதிர்க்கடல்தான். அப்புறம், தளம் அதிகம் சாயாததால் சமைக்கலாம், தூங்கலாம். புயலில் அது பெரிய விஷயம்.

என் பயம் அந்தச் சாயாத தளத்தைப் பற்றித்தான். ஒற்றை உடல் படகு சாய்ந்து சாய்ந்து, பாயைச் சுருக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்டமரான் பத்து டிகிரி சாய்வதற்குள்ளேயே தன் முழு பலத்தையும் காட்டிவிடும். அதற்கு மேல் மிச்சமில்லை. அதனால் உடம்பு சொல்வதை நம்பாதே, காற்றுமானியைப் பார். சராசரிக் காற்றைப் பார்க்காமல், திடீரென்று அடிக்கும் காற்றுக்குத் தக்கபடி பாயைச் சுருக்கு. பின்னாலிருந்து தள்ளும் அலையில் வேகம் கூடினால் மூக்கு முன்னலையில் குத்தி, தலைகுப்புறப் புரட்டிவிடும். நீளக் கயிற்றைப் பின்னால் இழுக்கவிட்டாவது வேகத்தைக் குறை.

முதல் நாளே கேப்டனிடம் கேள்: காற்று எத்தனை நாட் (கடல்மைல் வேகம்) வந்தால் பாயை முதல் தடவை சுருக்க வேண்டும்? அவர் சொல்லும் எண்ணை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

உன்,
சேவியர்