வேகவைத்தால் போகாதது

அன்புள்ள சுந்தரம்,

இங்கே எல்லோரும் நலம். செல்வி உண்டாகியிருக்கிறாள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ தாத்தா! ஜோசப்பிடம் சொன்னாயா? அந்தப் பழைய பந்தயத்தில் அவன் தோற்றுவிட்டான், விடாதே, வசூல் செய்.

அவளுக்கு ரத்தம் குறைவு என்று அடிக்கடி மாட்டு ஈரலும் குண்டிக்காயும் (சிறுநீரகம்தான்) சமைத்துக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். "நன்றாக வேகவைத்துவிடுகிறோம், பயமில்லை" என்று வேறு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த அவசரக் கடிதம். வெந்தால் கிருமி சாகும். காரீயமும் காட்மியமும் நச்சு உலோகங்கள், அவை எந்த அடுப்பிலும் அழியாது.

சென்ற மாதம் ஒரு பண்ணையில் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கக் கூப்பிட்டார்கள். கன்றுகள் கண் தெரியாமல் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றன, பல்லை நறநறவென்று கடித்தன. மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் யாரோ வீசிய பழைய பேட்டரி உடைந்து, உள்ளே இருந்த காரீயம் வெளியே கிடந்தது. புதிதாக எதைக் கண்டாலும் மாடு நக்கிப் பார்க்கும், உனக்குத் தெரியும். விழுங்கிய காரீயத் துண்டு வயிற்றின் இரண்டாம் அறையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். சில கன்றுகள் செத்துப்போயின. அதைவிட என்னைத் தூங்கவிடாதது உரிமையாளர் கேட்ட கேள்வி: "மிச்சமெல்லாம் நன்றாகத்தானே மேய்கிறது, அறுப்புக்கு அனுப்பிவிடலாமா?" நன்றாக மேய்ந்த மாடுகளின் ரத்தத்தைச் சோதித்தேன். அவற்றிலும் காரீயம் இருந்தது. அறுப்புக்கூடத்தில் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுச் சோதிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உண்டு. ஆனால் எல்லா மாட்டையும் யாரும் அனுப்புவதில்லை.

சதையைக் கண்டு நீ பயப்பட வேண்டாம், அதில் இவை சேர்வது குறைவு. தேங்குவது ஈரலிலும் குண்டிக்காயிலும், காரீயமானால் எலும்பிலும். ஐரோப்பிய ஒன்றியம் மாட்டுச் சதையில் ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் காட்மியம்வரைதான் அனுமதிக்கிறது. குண்டிக்காய்க்கு 1 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு! அங்கே அவ்வளவு சேரும் என்று தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். காட்மியம் வரும் வழி இது: பாஸ்பேட் உரத்திலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து மாட்டுக்கு. மாட்டுக்கு வயது ஏற ஏற அளவும் ஏறும். நம் சிறுநீரகத்துக்குள் வந்துவிட்டாலோ, பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள்.

காரீயம் இன்னும் மோசம். வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு கணக்கு முன்பு இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதையே திரும்பப் பெற்றுக்கொண்டது. குழந்தையின் மூளைக்குக் கெடுதல் செய்யாத அளவு என்று ஒன்றைக் காட்ட முடியவில்லை. கருவுக்கும் அது தாயிடமிருந்து போகும். அதோடு சுந்தரம், இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். ரத்தம் ஊறட்டும் என்று நீ கொடுப்பது யாருக்கு என்று யோசி.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2008இல் அமெரிக்க மாட்டிறைச்சியைத் தாமிரம் அதிகம் என்று மெக்சிகோ திருப்பி அனுப்பியது. அமெரிக்காவில் தாமிரத்துக்கு வரம்பே வகுத்திருக்கவில்லை, ஆகவே அந்த இறைச்சியை உள்நாட்டில் விற்காதே என்று தடுக்கவும் வழியில்லை. அந்நாட்டு வேளாண் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகமே 2010இல் இதை அறிக்கையாக எழுதியது. ஒரு நாடு வேண்டாம் என்றதை இன்னொரு நாட்டுப் பிள்ளைகள் சாப்பிடலாமாம்! படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செல்விக்குக் குண்டிக்காயை இன்றோடு நிறுத்து. ஈரலையும் பிள்ளை பிறக்கும்வரை விட்டுவிடலாம்; அதில் வைட்டமின் ஏ மிகுதி, கருவுக்கு அதுவும் ஆகாது. சதையிலேயே நல்ல இரும்புச்சத்து இருக்கிறது, மருத்துவர் தரும் மாத்திரையும் இருக்கிறது. இதுவரை சாப்பிட்டதை மறைக்காமல் அவரிடம் சொல்லி, ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டுமா என்று கேட்கச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டாள் என்றால் இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

அந்த மாடுகளை அறுப்புக்கு அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுசோதனைக்கு அடுத்த வாரம் போகிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்று அதற்குள் எழுது.

உன்
ராமநாதன்