செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, சங்க அங்கத்தவர்களே,

எமது கட்டற்ற மென்பொருள் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகள் பற்றிய அறிக்கையைச் சபைமுன் சமர்ப்பிக்கிறேன்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல சனசமூக நிலைய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மட்டும் கூட்டம் வைக்கப்படவில்லை. பாடசாலை மாணவருக்கான லினக்ஸ் இயங்குதளப் பயிற்சிப் பட்டறையும் வாணிவிழாவும் சிறப்புற நடந்தேறின.

ஆண்டின் பெரும்பகுதி, எமது தமிழ்ச் சொற்பிழைதிருத்திச் செயற்றிட்டத்தைச் சப்வேர்சனிலிருந்து கிற்றுக்கு மாற்றுவதிலேயே சென்றது. இவை இரண்டும், ஒரு செயற்றிட்டத்தின் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைப் பேணும் மென்பொருள்கள். கடைசிப் பிரதியை மட்டும் எடுத்துப் புதிதாகத் தொடங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று கூட்டங்களில் பலமுறை கேட்கப்பட்டதால், இதனைச் சற்று விரிவாகச் சொல்வது என் கடமை.

சப்வேர்சனில் முழு வரலாறும் வழங்கி எனப்படும் ஒரே மையக் கணினியில்தான் இருக்கும். அதனுடன் தொடர்பு இல்லாதபோது ஒரு சொல்லைத் திருத்தினாலும் பதிவுசெய்ய முடியாது. 2022இல் மணிக்கணக்கில் மின் தடைப்பட்ட காலத்தில் எமது வேலை முடங்கியதற்கு இதுவே காரணம். லினஸ் ரோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கருவுக்காக உருவாக்கிய கிற்றிலோ ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருப்பதால், வன்னியில் இணைய வசதி குறைந்த இடத்தில் இருப்பவரும் வேலையை முடித்துப் பதிவுசெய்து வைத்து, தொடர்பு கிடைக்கும்போது அனுப்பலாம்.

வரலாற்றை விட்டுவிட்டு வந்திருந்தால், ஒரு சொல் ஏன் அகராதியில் சேர்க்கப்பட்டது, ஒரு புணர்ச்சி விதி யாருடைய ஆட்சேபத்தின் பேரில் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அழிந்திருக்கும். எம்மைவிட எத்தனையோ மடங்கு பெரிய, நிரல்மொழிகளுக்கான கட்டற்ற தொகுப்பியான (கம்பைலர்) ஜி.சி.சி. 2020 ஜனவரியில் கிற்றுக்கு மாறியபோதும் தன் பழைய வரலாற்றைக் கூடவே கொண்டுசென்றது.

சப்வேர்சன் பங்களிப்பாளரின் பயனர் பெயரை மட்டுமே வைத்திருக்கும். கிற் பெயரையும் மின்னஞ்சலையும் கேட்கும். ஆகவே ஒவ்வொரு பயனர் பெயருக்கும் உரியவர் யாரென்று ஒரு பட்டியல் எழுதவேண்டும். பட்டியலில் இல்லாத ஒரு பெயர் வந்தால் மாற்றும் கருவி அவ்விடத்திலேயே நின்றுவிடும். கிற்றில் ஒரு பதிவின் அடையாள எண் அதன் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், முந்தைய பதிவின் எண் எல்லாவற்றையும் கொண்டே கணிக்கப்படுவதால், பின்னர் ஒரு பெயரைத் திருத்தினாலும் அதற்கு அடுத்த அத்தனை எண்களும் மாறிவிடும். எனவே வெளியிடுமுன் பட்டியல் முழுமையாக வேண்டும் என்பதில் நான் உறுதியாக நின்றேன்.

ஒவ்வொரு மாற்றத்துடனும் எழுதப்பட்ட பழைய குறிப்புகள் பல, யூனிகோட்டுக்கு முந்தைய முறையிலான பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரியும். அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றி, ஆங்கிலக் குறிப்புகள் இடையில் சிதையாதவாறு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். சப்வேர்சன் கொடுத்திருந்த பழைய திருத்த எண்ணும் ஒவ்வொரு பதிவின் இறுதி வரியில் பேணப்பட்டுள்ளது.

இவ்வளவிலும் அதிக காலத்தை விழுங்கியது கணினி வேலையன்று; அங்கத்தவர்களிடமிருந்து பதில் பெறுவதே. எந்தப் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதியவேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தோம். புலம்பெயர்ந்து ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருப்பவர்கள் உடன் பதிலளித்தார்கள். உள்ளூரில், மண்டபத்துக்குச் சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் சிலர் மாதக்கணக்கில் பதில் தரவில்லை. இதைத் தீர்மானிக்கக் கூட்டிய விசேட கூட்டமும் நிறைவெண் போதாமல் ஒத்திவைக்கப்பட்டது. அவர்களின் உழைப்பு அவர்கள் பெயரிலேயே நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் காத்திருந்தோம் என்பதை இங்கு பதிவுசெய்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவு செலவை ஈடுசெய்தது எனினும், வழங்கிக்கான கட்டணம் அங்கத்தவர் சிலரின் கைப்பணத்திலேயே செலுத்தப்பட்டது. சந்தா நிலுவை கணிசமாக உள்ளது.

மண்டபம் தந்துதவிய சனசமூக நிலையத்தாருக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் என் நன்றிகள்.

வரும் ஆண்டில் பழைய வழங்கி வாசிப்புக்கு மட்டும் திறந்திருக்கும். அதன் பின்னர் அதற்குப் பணம் கட்டுவதா என்பதைச் சபை தீர்மானிக்கவேண்டும். புதிய கிற் களஞ்சியத்தில் பிறர் அனுப்பும் திருத்தங்களைப் பார்த்து இணைக்கும் உரிமை இப்போது இருவரிடமே உள்ளது. இது ஒரு பொதுச்செயற்றிட்டத்துக்குப் போதாது. கிற் தெரியாதவர்களுக்குக் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். இப்பொறுப்பை ஏற்கக்கூடிய இளையவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள் என்பதும், நிலுவைச் சந்தாவை இன்றே பொருளாளரிடம் செலுத்தலாம் என்பதும் சபையின் கவனத்துக்குரியவை.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்