முகத்தில் ஒட்டாத மாஸ்க்

கன்னியாகுமரி மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கும், இங்குள்ள அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். எனக்கு வீடு குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மகளும் மருமகனும் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் இரண்டரை வயதுப் பேத்திக்கு மருந்து கொடுக்கிற பொறுப்பு பாட்டாவான என் தலையில். அவளுக்கு வீசிங். சளி பிடித்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும். நம் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. சளிக்கு லீவே கிடையாது.

போன வருடம் ஒரு மருத்துவமனையில், அமுக்கினால் மருந்தைப் பீச்சுகிற இன்ஹேலரும், பீச்சிய மருந்தைப் பிள்ளை இழுக்கும்வரை பிடித்து வைக்கிற ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயும் எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடையில் ஸ்பேசரோடு ஒரு மாஸ்க்கும் தந்தார்கள். எத்தனை வயதுப் பிள்ளைக்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. “காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு.” பாடம் அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஒரு வேளை தவறாமல் கொடுத்தேன். கொடுத்ததாக நினைத்தேன். மாஸ்க்கைக் கண்டாலே அழுவாள். அமுக்கிப் பிடிக்க மனசு வராமல் ஒரு விரல் தள்ளிப் பிடிப்பேன். அழும்போது வாயைத் திறந்து நன்றாகத்தானே இழுக்கிறாள், மருந்து அதிகமாகவே போகும் என்பது என் கணக்கு. இருமல் குறையவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அப்போதும் குறையவில்லை.

அப்புறம் வேறொரு இடத்தில் ஒரு சிஸ்டர், “பாட்டா, நீங்க வீட்ல எப்படி வைக்கீங்களோ அப்படியே வைங்க, பாப்போம்” என்றார். வைத்தேன். மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது. மூக்கின் இரு பக்கமும் சந்து. பெரிய பிள்ளைகளுக்கான மாஸ்க் அது. “மருந்து பூரா காத்துல போகுது பாட்டா” என்றார். மூன்று மாதமும் நான் கொடுத்த மருந்தில் பெரும்பகுதி எங்கள் வீட்டுக் கூடத்துக்குத்தான் போயிருக்கிறது.

அவர் விளக்கியது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஏர் பிரேக் வண்டி ஓட்டியவன் நான். எங்காவது கசிந்தால் பிரஷர் ஏறாது. இங்கேயும் அதே சங்கதி. ஸ்பேசருக்குள் ஒரு வால்வு இருக்கிறது. பிள்ளை மூச்சை இழுக்கும்போது அது திறந்தால்தான் உள்ளே நிற்கிற மருந்து வெளியே வரும். மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் இடையே சந்து இருந்தால் காற்று அந்த வழியாகவே புகுந்துவிடும், வால்வு அசையாது. 10 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மூச்சுக்கு இழுப்பது 100 மில்லிக்கும் குறைவு. மாஸ்க் பெரிதாக இருந்தால் அதன் குழிக்குள் கிடக்கிற பழைய காற்றே அந்த மூச்சில் பாதியை நிரப்பிவிடும். அழுகை அதைவிட மோசம். அழுகிற பிள்ளை நீளமாக மூச்சை விட்டு, வெடுக்கென்று இழுக்கும். மருந்து தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போகும். நெஞ்சுக்குப் போவது கொஞ்சம்தான்.

இன்னொரு தப்பும் செய்திருக்கிறேன். தினமும் ஸ்பேசரைக் கழுவி, துவர்த்தால் பளபளவென்று துடைத்து வைப்பேன். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்துத் துகள்கள் உள்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும்.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-ல்தான் இப்போது நாம் பார்க்கிற மாதிரியான அமுக்கு இன்ஹேலர் அமெரிக்காவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஆஸ்துமா இருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி, மருந்துக் கம்பெனித் தலைவரான தன் அப்பாவிடம், “ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா?” என்று கேட்டதில் பிறந்ததாம். 13 வயதுப் பிள்ளை அமுக்கும் நேரத்தில் மூச்சை இழுக்கும். இரண்டரை வயதுக்கு அது வருமா? அதற்காகத்தான் ஸ்பேசரும் மாஸ்க்கும். அந்த வயதில் மாஸ்க் சரியில்லை என்றால் இன்ஹேலர் இருந்தும் இல்லாததுதான்.

மருந்தைப் புகை மாதிரி ஆக்கிக் கொடுக்கிற நெபுலைசர் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். நான் பார்த்த சில இடங்களில் அங்கேயும் இதே கதை. மாஸ்க்கைப் பெரியவர்கள் பிள்ளையின் முகத்துக்கு எதிரே காட்டிக்கொண்டிருப்பார்கள், புகை கண்ணுக்குள் போகும். திடீரென்று நெஞ்சு இழுக்கிற பிள்ளைக்கு, மூச்சு அடைப்பு மிக மோசமாக இல்லாவிட்டால், ஸ்பேசர் வழியே கொடுக்கிற மருந்து நெபுலைசருக்குக் குறையாமல் வேலை செய்கிறது என்று உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்லி வருகின்றன. போதாக்குறைக்கு நெபுலைசர் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது உங்களுக்கும் தெரியும்.

செலவு என்று சொல்லாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளை போட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, கசியாமல் அடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. 1999-ல் வெளியான ஆய்வு. ஐந்து வயது தாண்டிய பிள்ளைகள் அவர்கள், வாயாலேயே இழுத்தார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு அந்த வழி கிடையாது, மாஸ்க் வேண்டும். அதுவும் மெத்தென்ற, அந்த முகத்துக்கு அளவான மாஸ்க்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி முதல் மலையோர ஆரம்ப சுகாதார நிலையம் வரை, கைக்குழந்தைக்கு ஒன்றும் சற்றே பெரிய பிள்ளைக்கு ஒன்றுமாக இரண்டு அளவு மாஸ்க் இருக்கட்டும். சீட்டில் மருந்தின் பெயரோடு மாஸ்க்கின் அளவையும் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன், வீட்டில் மருந்து கொடுக்கப்போகிறவர் யாரோ, அம்மாவோ அம்மச்சியோ என்னைப் போன்ற பாட்டாவோ, அவரையே ஒரு தடவை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வால்வு அசைகிறதா, ஒரு பஃப்புக்கு, அதாவது ஒருமுறை அமுக்கியதற்கு, பிள்ளையை ஐந்தாறு மூச்சு இழுக்க விடுகிறார்களா என்று பார்த்தால் போதும். ஐந்து நிமிடம். அடுத்த முறை வரும்போதும் ஒருமுறை பாருங்கள், பிள்ளையின் முகம் வளர்ந்திருக்கும். மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள்.

புதன்கிழமை தடுப்பூசிக்கு எப்படியும் அம்மாக்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். அன்று ஒரு மேசை போட்டால், ஆள் இல்லை என்ற கவலை வேண்டாம், எங்கள் ஊர் நிலையத்தில் நானே வந்து உட்காருகிறேன். பேத்தியின் துணி யானையையும் எடுத்து வருவேன். மாஸ்க்கை முதலில் அதற்கு வைத்துக் காட்டினால்தான் அவள் அழாமல் முகத்தைக் காட்டுவாள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டா,
குலசேகரம் பக்கம்