கூலித் தவளை

அன்பு மகள் கயலுக்கு,

ஜாவாவுக்குப் போன இடத்தில், போகோரில் மழை விடவே இல்லை என்று அலுத்துக்கொண்டாய். மழைக்குப் பேர்போன நம் தைப்பிங்கில் பிறந்தவளுக்கு மழை ஒரு குறையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மேக்ஸ்வெல் மலை ஓடையில் ஒரு பெருந்தலைத் தவளையைப் பிடித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல். உண்மையில் பல்லே இல்லை, தாடையெலும்புதான் அப்படி முளைத்து நிற்கிறது. ஆண் தவளைகள் சண்டைக்கு வைத்திருக்கும் ஆயுதம். பெயர் 'லிம்னோனெக்டெஸ் கூலி' என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாய். என் வகுப்பில் இருந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளும் அப்படித்தான். "சார், இது எங்க தாத்தா தவளை" என்றான் ஒருவன்.

அந்தப் பெயர் தப்பு, கயல். ஜாவாவிலிருந்து சீனா, தைவான் வரை இருப்பதெல்லாம் ஒரே இனம் என்றுதான் நாங்கள் படித்தோம். 2010இல் மரபணுவை வைத்துப் பார்த்தபோது 22க்கும் அதிகமான தனித்தனி மரபுக் கிளைகள் தெரியவந்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. அசல் கூலி ஜாவாவில் மட்டும்தான். நம் மலாய்த் தீபகற்பத்தில் இருந்தவற்றுக்கு 2014இல் புதுப் பெயர் வைத்தார்கள்: வடக்கே உத்தாரா, தெற்கே செலாத்தான். மலாய்ப் பெயர்கள், எனக்குப் பிடித்துத்தான் இருக்கின்றன. ஆனால் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னதை எங்கே போய்த் திருத்துவது? உன்னிடமாவது திருத்திவிடுகிறேன். இன்னொன்றும் உறுத்துகிறது. எங்கும் பரவிக் கிடக்கும் தவளைதானே என்று யாரும் கவலைப்படாமல் இருந்துவிட்டோம். இப்போது பார்த்தால் சிலவற்றுக்குச் சொந்தமென்று இருப்பது ஏதோ சில மலைகள்தான்.

கூலி என்பது கூல் என்ற ஜெர்மானியரின் பெயர். ஹைன்ரிக் கூல், 1820 டிசம்பரில் ஜாவாவில் இறங்கியவர், 1821 செப்டம்பரில் நீ இருக்கும் அதே ஊரில் இறந்துபோனார். வயது 23. தவளைக்கு அவர் பெயரைச் சூட்டியதே 1838இல்தான். தாவரவியல் தோட்டத்துக்குள், மூங்கில் புதர்களுக்கு நடுவே பழைய டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. அவருடையதும் அங்கேதான். உன் வயதுதானே, ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

அப்புறம், சிபோடாஸ் மலைப் பக்கம் போனால் ஓடையில் அசல் கூலியைத் தேடிப் படமெடுத்து அனுப்பு. தனியாகப் போகாதே. வாயைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், அது என் ஆட்காட்டி விரலுக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா