ஆட்டத்துக்கு முந்தைய மூன்று மணி நேரம்: விளையாட்டரங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

விளையாட்டரங்கங்களை நடத்துபவர்களுக்கும், போட்டிகளை ஏற்பாடு செய்யும் சங்கங்களுக்கும் வணக்கம்.

போட்டி நாளை நீங்கள் ஆட்டம் தொடங்கும் நேரத்திலிருந்து எண்ணுகிறீர்கள். டிக்கெட் வாங்கியவருக்கோ அந்த நாள் அதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. வெளியூர்க்காரர் கிடைத்த பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறி முற்பகலிலேயே வந்து இறங்குகிறார். குழந்தையை அழைத்து வருபவர் கூட்டத்துக்கு அஞ்சி முன்கூட்டியே புறப்படுகிறார். முதன்முறையாக வருபவருக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை. இப்படி வந்து சேர்ந்தவர்களுக்கு உங்கள் சுற்றுச்சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது? பெரும்பாலான அரங்கங்களில் பூட்டிய வாயிலும் இரும்புத் தடுப்பும்தான். நின்றால் நகரச் சொல்கிறார்கள். நகர்ந்தால் உட்கார இடமில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த முந்தைய நேரத்தையும் போட்டியின் பகுதியாக ஏற்றுக்கொள்ளுங்கள். அரங்கத்தைச் சுற்றியுள்ள இடத்தை, மனிதர்கள் உட்கார்ந்து, பேசி, பார்த்து, நடந்து பொழுதைக் கழிக்கத்தக்கதாக ஆக்குங்கள். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. வருகிறவர்களின் உயிர்ப் பாதுகாப்பே இதில் அடங்கியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புக்கென்று ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது; துறையினர் அதைப் 'பச்சை வழிகாட்டி' என்பார்கள். ஒவ்வொருவராக நுழையவிடும் ஒரு சுழல்கதவு வழியே ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 660 பேர் உள்ளே போவதாகத்தான் கணக்கிடலாம் என்பது அதன் அளவுகோல். ஒவ்வொரு பையையும் திறந்து பார்க்கும் இடத்தில், டிக்கெட்டை இயந்திரம் ஒரே தடவையில் படிக்காத இடத்தில், அந்த வேகமும் கிடைக்காது. 50,000 பேர் அமரும் அரங்கத்துக்கு அத்தனை பேரும் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தால் 76 சுழல்கதவுகள் வேண்டும். அதே கூட்டம் மூன்று மணி நேரத்தில் சீராக வந்து நுழைந்தால் 26 போதும். ஐம்பது கதவுகளைப் புதிதாகக் கட்டுவது எளிதா, மக்கள் முன்கூட்டி வருவதற்கு நல்ல காரணம் ஒன்றை உண்டாக்குவது எளிதா?

இந்தக் கணக்கு தவறியபோது நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கத்தில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் நின்றபடி பார்ப்பதற்கு டிக்கெட் பெற்றிருந்த லிவர்பூல் ரசிகர்கள் 10,100 பேர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை ஏழு சுழல்கதவுகள். மேலே சொன்ன அளவுகோலால் வகுத்தால், எல்லாரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வெளியே நெரிசல் தாங்க முடியாமல் போனபோது ஆட்டத்தைத் தள்ளிவைக்கவில்லை. பெரிய வாயில் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். ஏற்கெனவே நிரம்பியிருந்த, வேலியிட்ட நடு அடைப்புகளுக்குள் கூட்டம் போய்ச் சேர்ந்தது. 97 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் பழி ரசிகர்கள் மேலேயே கிடந்தது. அந்தப் பேரழிவுக்கு ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று விசாரணை நடுவர் குழு 2016இல்தான் முடிவு சொன்னது.

அதற்குப் பிறகும் பாடம் முழுதாகப் பதியவில்லை. 2022 மே 28 அன்று பாரிஸ் புறநகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் 36 நிமிடங்கள் தாமதமாகத் தொடங்கியது. ரசிகர்கள் தாமதமாக வந்ததே காரணம் என்று அரங்கத்துக்குள் திரையில் அறிவித்தார்கள். உண்மையில் ஆயிரக்கணக்கானோர் நெடுநேரம் முன்பே வந்து, குறுகிய சோதனைச் சாவடியிலும் மூடிய வாயில்களின் முன்னாலும் சிக்கி நின்றார்கள். அவர்கள் மேல் கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த சுயேச்சை விசாரணை அறிக்கை, முதன்மைப் பொறுப்பை ஏற்பாட்டாளரான ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் மேல் வைத்தது. முன்கூட்டி வந்தவர்களுக்கு இடம் வைக்காமல், அவர்கள் தாமதமாக வந்தார்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய அநீதி! 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் வாயில்களுக்கு வெளியே 11 பேர் உயிரிழந்தது ஆட்டமே இல்லாத நாளில், கோப்பை வென்ற அணிக்கான பாராட்டு விழாவின்போது. ஆபத்து சுவருக்கு வெளியேதான் திரள்கிறது. உங்கள் திட்டமோ சுவரோடு முடிந்துவிடுகிறது.

முன்கூட்டி வருவதற்கு நல்ல காரணம் என்றேன். அதில் தலையாயது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, செலவும் இல்லை: பயிற்சி. கிரிக்கெட்டில் டாஸ் போடும் நேரத்தை விதியே வரையறுக்கிறது. ஆட்டம் தொடங்க 30 நிமிடங்களுக்கு மேல் இருக்கும்போது போடக் கூடாது, 15 நிமிடங்களுக்கும் குறைவாக இருக்கும்வரை தள்ளிப்போடவும் கூடாது. அந்த டாஸுக்கு முன்பே மைதானத்தில் எவ்வளவோ நடந்து முடிந்துவிடுகிறது. வேகப்பந்து வீச்சாளர் தன் ஓட்டத்தை அடியடியாக அளந்து அடையாளம் வைக்கிறார். விக்கெட் கீப்பர் காலை மாற்றி மாற்றி வைத்துப் பந்தை வாங்குகிறார். எல்லைக்கோட்டருகே நிற்பவர் உயரமாக எழும் பந்தின் கீழே போய் நிற்பதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார். கால்பந்தில் கோல்கீப்பர்கள் மற்றவர்களுக்கு முன்பே களத்துக்கு வந்து உடலைத் தயார் செய்வதைப் பார்க்கலாம். விளையாட்டைக் கற்றுக்கொள்ளும் சிறுவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. தொலைக்காட்சி இதைக் காட்டுவதில்லை. அந்த நேரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். நீங்களோ பயிற்சி முடியும் தறுவாயில் வாயிலைத் திறக்கிறீர்கள். அரை மணி நேரம் முன்பே ஒரு கேலரியையாவது திறந்துவிடுங்கள். அரங்கத்துக்கு வெளியே வலைப்பயிற்சிக் கூடம் இருந்தால், கம்பி வேலிக்கு இப்பால் நின்று பார்க்க அனுமதியுங்கள். வீரர்களின் பாதுகாப்புக்கு வேலியின் தூரத்தைக் கூட்டுங்கள். திரை போட்டு மறைக்காதீர்கள்.

அடுத்தது அரங்கத்தின் கதை. பல்லாண்டுகள் ஆட்டம் நடந்த இடத்துக்கு வருகிறவர், அங்கே யார் ஆடினார்கள், என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளாமலே திரும்பிப் போகிறார். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தைப் பாருங்கள். 1877இல் முதல் டெஸ்ட் நடந்த மைதானம் அது. சுற்றிலும் யாரா பூங்கா. அங்கே பழங்குடி மக்கள் பட்டை உரித்தெடுத்த வடுவோடு நிற்கும் பழைய மரங்கள்கூட உண்டு. மைதானத்தின் வெளிச்சுற்றில் பிராட்மேன், லில்லி, ஷேன் வார்ன் ஆகியோருக்கும் ஓட்டவீராங்கனை பெட்டி கத்பர்ட்டுக்கும் சிலைகள் இருக்கின்றன. டிக்கெட் இல்லாதவரும் அவற்றின் அடியில் நின்று பார்க்கலாம். மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கத்தின் வெளிச்சுவரில், 1958 பிப்ரவரி 6 என்ற தேதியோடு ஒரு கடிகாரம் இருக்கிறது. மியூனிக் விமான விபத்தில் அந்த அணி தன் வீரர்களை இழந்த நாள் அது. ஆட்டம் பார்க்க வந்த சிறுவன் அதைக் கண்டு 'இது என்ன நாள்' என்று கேட்டால், அப்பாவோ தாத்தாவோ சொல்லத் தொடங்குவார்; அங்கேயே அரை மணி நேரம் போய்விடும். லண்டனின் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் அருங்காட்சியகமே இருக்கிறது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகள் மோதும் டெஸ்ட் தொடரின் அடையாளமான ஆஷஸ் கிண்ணம் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லா அரங்கத்துக்கும் அந்த வசதி வராது என்பது தெரியும். ஒரு நீண்ட சுவர், பழைய புகைப்படங்கள், பிழையில்லாத சில வரிகள் போதும். களத்தைச் செப்பனிட்டு வாழ்ந்த ஊழியர்களின் பெயர்களையும் அங்கே எழுதுங்கள். அவர்களை யாரும் எழுதுவதில்லை.

பிறகு, நடை. ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் வரையுள்ள தூரத்தை வாகனங்களுக்கு இடையே பதுங்கிக் கடக்கும் தண்டனையாக வைத்திருக்கிறீர்கள். 2010 கால்பந்து உலகக் கோப்பையின்போது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நகர மையத்திலிருந்து அரங்கம் வரை, சுமார் இரண்டரை கிலோமீட்டர், போட்டி நாட்களில் நடப்பவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். வழியெங்கும் இசையும் நடனமும் இருந்தன. மக்கள் நடந்ததாலேயே கூட்டம் நீளவாக்கில் பரவிற்று. அரங்கத்தின் வாசலில் ஒரேயடியாகக் குவியவில்லை. 2006இல் ஜெர்மனி, உலகக் கோப்பை டிக்கெட்டையே அன்றைய உள்ளூர்ப் பஸ், ரயில் டிக்கெட்டாகவும் செல்லும்படி செய்தது. இப்படிச் செய்ய முதலில் தேவை, மாநகராட்சியும் போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் உங்களோடு உட்கார்ந்து பேசும் சில கூட்டங்கள். பாதையில் நிழல் வேண்டும். குடிநீர் வேண்டும். முதியவர் கால் நோகும்போது உட்காரச் சில இருக்கைகள் வேண்டும். சக்கர நாற்காலி இடறாமல் போக வேண்டும். கடைசி நூறு மீட்டரில் படிக்கட்டை வைத்துவிட்டு அதை அனைவருக்குமான பாதை என்று அழைக்காதீர்கள்.

கழிப்பறையைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. வெளியே போதிய கழிப்பறை இல்லை என்பதாலேயே பெண்கள் தாமதமாக வருகிறார்கள், தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், வராமலே இருந்துவிடுகிறார்கள். வாயிலைத் திறப்பதற்கு முந்தைய நேரத்துக்கும் அவை திறந்திருக்க வேண்டும். சுத்தமாக இருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும்.

பை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பாதுகாப்புக்காகப் பையைக் கட்டுப்படுத்துங்கள், சம்மதம். அமெரிக்கக் கால்பந்து எனப்படும் வேறு வகை ஆட்டத்தின் லீக்கான என்.எஃப்.எல்., கையளவு சிறு பை நீங்கலாக, 2013 முதல் உள்ளே தெரியும் பைகளை மட்டும் அனுமதிக்கிறது. 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரம் என்று அளவைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டிலிருந்து புறப்படும்போதே எதை எடுத்துவருவது என்று முடிவுசெய்துகொள்ளலாம். பல அரங்கங்களில் எது கூடாது என்பது வாயிலுக்கு வந்த பிறகே தெரிகிறது. வெளியூரிலிருந்து மாற்றுத்துணியோடு வந்தவர் தன் பையை எங்கே வைப்பார்? நடைபாதையில் யாரிடமோ நம்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கைபேசி மின்னேற்றி, குழந்தையின் பால் புட்டி, நீரிழிவுக்காரரின் மருந்து எல்லாம் வாயிலின் சோதனை மேசையில் வாக்குவாதமாகிறது. டோக்கன் கொடுத்துப் பையை வாங்கி வைக்கும் ஓர் அறையை அமைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

காத்திருப்பையே மரியாதையாக நடத்த முடியும் என்பதற்கு விம்பிள்டன் சான்று. அன்றைய டிக்கெட்டுக்காகப் பூங்காவில் கூடாரம் போட்டு இரவெல்லாம் காத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேதியும் எண்ணும் அச்சிட்ட அட்டை தரப்படுகிறது. வரிசையின் விதிகளை விளக்கும் கையேடு இருக்கிறது, உதவிக்குப் பணியாளர்கள் இருக்கிறார்கள். தன் இடம் பறிபோகாது என்ற உறுதி இருப்பதால் யாரும் முண்டியடிப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்குகிறார்கள். தள்ளுமுள்ளு மக்களின் குணம் என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண் இல்லாத, முடிவு தெரியாத வரிசையில் யாரை நிறுத்தினாலும் அவர் தள்ளத்தான் செய்வார்.

ஓர் அச்சமும் எனக்கு இருக்கிறது. இந்த மடலைப் படித்துவிட்டு, அந்த வெளியிடம் முழுவதையும் விளம்பரதாரர்களுக்கு விற்றுவிடுவீர்களோ என்ற அச்சம். காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, சுயவிவரப் படிவம் நிரப்பினால் தொப்பி தரும் கூடாரம் ஆகியவற்றை நான் கேட்கவில்லை. அங்கே பல காலமாக வியாபாரம் செய்துவரும் சிறு வணிகர்களை அகற்றிவிட்டு அதைச் செய்தால் இன்னும் மோசம். பிரேசிலின் சால்வடோர் நகரில், தலைமுறைகளாக அகராஜே என்ற பலகாரம் விற்றுவந்த பெண்கள், 2014 உலகக் கோப்பை ஏற்பாடுகளின்போது அரங்கப் பகுதியிலிருந்து விலக்கப்படும் நிலை வந்தது. அவர்கள் போராடினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள், விற்கும் உரிமையைப் பெற்றார்கள். உங்கள் அரங்கத்தைச் சுற்றியிருக்கும் வணிகர்களுக்கு அந்தப் போராட்டத்தை வைக்காதீர்கள். அவர்களுக்கு அடையாள அட்டையும், நடைபாதையை அடைக்காத இடமும், குப்பை போடத் தொட்டியும் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களையும் திட்டமிடும்போதே கூப்பிட்டுக் கேளுங்கள். போட்டி நாளில் ஒலியையும் நெரிசலையும் தாங்குபவர்கள் அவர்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்பீர்கள். அமெரிக்காவின் கிரீன் பே நகர என்.எஃப்.எல். அணி, தன் அரங்கத்துக்கு எதிரிலேயே ஒரு பொதுப் பூங்காவை அமைத்து 2017இல் திறந்தது. விளையாட்டுத் திடலும் குழந்தைகளுக்கான இடமும் கொண்ட அந்தப் பூங்கா போட்டி இல்லாத நாளிலும் திறந்திருக்கிறது. அவ்வளவு பெரிதாக எல்லாராலும் செய்ய முடியாது. முதலில் நிழலும் நீரும் கழிப்பறையும் பை அறையும் வரட்டும், வாயில் முன்பே திறக்கட்டும். மற்றவை மெல்ல வரலாம்.

அடுத்த தொடருக்கான டிக்கெட் விற்பனையைத் தொடங்கும்போது, இந்த விவரங்களை ஒரே பக்கத்தில் எங்கள் மொழியில் வெளியிடுங்கள்: ஒவ்வொரு வாயிலும் திறக்கும் நேரம், பயிற்சியைப் பார்க்கத்தக்க நேரம், அனுமதிக்கப்படும் பையின் அளவு, பை வைக்கும் இடம், குடிநீர் கிடைக்கும் இடங்கள், குழந்தை தொலைந்தால் எங்கே போக வேண்டும், நடைபாதை வரைபடம். வெளிப்பகுதிக்கென்று ஒரு பொறுப்பதிகாரியை நியமித்து, அவருடைய தொலைபேசி எண்ணையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். வெளியே நெரிசல் என்று அவர் சொன்னால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து அறிவித்துவிடுங்கள். ஒளிபரப்பு நேரம் அதற்குக் குறுக்கே வரக் கூடாது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொதுக் கேலரிப் பார்வையாளர்களில் ஒருவன்