கத்தியும் கைத்துப்பாக்கியும் இருக்க வேண்டிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைவீரர்களின் உடைமைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கைத்துப்பாக்கியைத் தொடையிலும் கத்தியை நெஞ்சிலும் மாட்டிக்கொள்வது மிடுக்குக்காகத்தான் என்ற தொனியில் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. ஆயுதம் உடம்பில் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கவச உடையும் முதுகுப்பையும் வண்டியின் இருக்கையுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

முழுச் சுமையோடு நிற்கும் வீரரின் இடுப்பில் இடம் மிகக் குறைவு. முதுகுப்பையின் இடுப்புப் பட்டை பெல்ட்டின் மேலேயே படிவதாலும், கவசத்தின் கீழ்விளிம்பு துப்பாக்கியின் பிடியை மறைப்பதாலும் அவசரத்துக்குக் கை நுழையாது. உறை தொடைக்கு இறங்கியது இதனால்தான். அதையும் அளவோடு இறக்க வேண்டும். முழங்காலை நெருங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஓடும்போது காலோடு சேர்ந்து ஆடி, அரை மணி நேரத்தில் வீரரைக் களைப்பாக்கிவிடும் என்பதால், விவரம் அறிந்தவர்கள் பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தித் தொடை வாரை இறுக்கிக் கட்டுவார்கள். வண்டிக்குள் உட்கார்ந்தே இருப்பவருக்கு அதுவும் உதவாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க டாங்கி வீரர்கள் தோள்வாரில் மாட்டிய உறையை நாடியது அந்த நெருக்கடியால்தான். காலாட்படை வீரருக்கோ நெஞ்சு தோட்டாப் பைகளுக்கான இடம். குப்புறப் படுத்துச் சுடும்போது அங்கே துருத்தும் எதுவும் தொல்லையே.

இந்தச் சிக்கல் புதிதும் அன்று. 1858இல் வட இந்தியாவில் நடந்த சண்டையொன்றில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி, வாளுறை நழுவாதிருக்கத் தோளின் குறுக்கே இறங்கும் வாரைப் பெல்ட்டுடன் பிணைத்துக்கொண்டார். நம் காவல்துறை அதிகாரிகள் அணிவகுப்பில் அணியும் தோல்வார் அதன் வாரிசு.

கத்தியைப் பற்றிக் கட்டுரை சொன்னது இன்னும் குறைவு. சண்டையைவிட, சிக்கிய வாரை அறுக்கவும் காயம்பட்டவரின் உடையைக் கிழிக்கவுமே அது அதிகம் பயன்படுகிறது. ஆகவே எந்தக் கைக்கும் எட்டும்படி உடம்பின் முன்பக்கத்தில், வலக்கை துப்பாக்கியில் இருக்கும் என்பதால் சற்று இடப்புறமாக வைப்பதே நல்லது. பிடி கீழே பார்க்கும்படி மாட்டினால் உருவுவது எளிது; ஆனால் உறையின் பூட்டு தளர்ந்திருந்தால் புதருக்குள் ஊர்ந்து வருவதற்குள் கத்தி காணாமல் போகும். பிடி மேலே தோளருகில் இருந்தால் துப்பாக்கியின் வார் அதில் மாட்டும். கூர்க்கா வீரர்கள் குக்ரி என்ற வளைந்த கத்தியை இடுப்பின் பின்புறம் படுக்கையாகச் செருகும் முறை அணிவகுப்பில் அழகு. முதுகுப்பை ஏறிவிட்டால் அதே இடத்தில் முதுகெலும்பை அழுத்தும்.

கைத்துப்பாக்கியைப் பெல்ட்டோடு பிணைக்கும் கயிற்றைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. இரவில் ஆற்றைக் கடக்கும்போது உறையிலிருந்து நழுவும் துப்பாக்கியைக் காப்பாற்றுவது அதுதான். கட்டுரையின் தொடர்ச்சி வெளியாகுமானால் அதையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர்,
வேலூர்.