அன்று ராத்திரி தப்பாகச் சொல்லிவிட்டேன்

கண்ணு,

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "குட்டி அழுதா எனக்கு ஒண்ணுமே தோணலம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுற மாதிரி இருக்கு" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன்? "ஊரு உலகத்துல யாரும் பெறாத பிள்ளையா? நாலு நாள்ல சரியாயிடும்." நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிம்மா"வை நான் 1994இல் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அதே குரலில்.

உனக்கு அப்போது மூன்று மாதம். தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அடுப்பில் உலை கொதித்தது. களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் நடந்துபோய் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். கையில் காசில்லை, எங்கே போகிறோம் என்ற யோசனையும் இல்லை. ரெண்டு பஸ் வந்து போனது. யார் வீட்டுக் குழந்தையோ அழ, எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. அப்போதும் உன் ஞாபகம் வரவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். உன் அப்பத்தாதான் தேடிவந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மா, பச்சை உடம்பில் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப்போனாள். அப்பத்தா வேறு காரியம் செய்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு உன்னைத் தன் பாயில் போட்டுக்கொண்டால் நாலு மணிக்குத்தான் என்னிடம் தருவார்கள். நடுவில் சங்கில் பசும்பால் புகட்டுவார்கள் (நீ அதைச் செய்யாதே, தாய்ப்பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்தால் போதும்). ஊரே பயப்படும் மாமியார்தான் எனக்குத் தூக்கம் கொடுத்தார்கள். ஆனாலும் தெளிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நீ எப்போது குப்புற விழுந்தாய், எப்போது தவழ்ந்தாய் என்று எனக்குத் தெரியாது. அப்பத்தா சொல்லித்தான் தெரியும்.

அப்புறம் நானே அங்கன்வாடியில் எத்தனையோ வருஷம் குழந்தைகளுக்கு எடை பார்த்தேன். எத்தனை கிலோ, எந்தத் தடுப்பூசி என்று நோட்டு நோட்டாக எழுதினேன். தூக்கிவந்த பெண்ணிடம் "நீ தூங்குறியாம்மா?" என்று கேட்டதாக ஞாபகமில்லை. எனக்குத் தெரியாமலா போயிற்று? தெரிந்தும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில், எனக்குச் சுகர் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போய் எல்லாம் சொன்னேன். பிரசவம் ஆன முதல் வாரத்து அழுகை வேறாம். நஞ்சுக்கொடி வந்ததும், ஒன்பது மாசமாக ஏறிக்கிடந்த ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் ஓரிரு நாளில் சரிந்துவிடும். மூணாம் நாள் நாலாம் நாள் காரணமில்லாமல் கண்ணீர் வரும். ரெண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். நான் சொன்ன "நாலு நாள்" அதற்குத்தான் பொருந்தும். உனக்கு இது அஞ்சாம் மாசம். இது மனச்சோர்வு நோயாக இருக்கும், பார்த்தே ஆகவேண்டும் என்றார்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு நூற்றுக்கு 11 பேருக்கு இது வந்திருக்கிறது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம், ஒத்தாசைக்கு ஆளில்லாதது என்று காரணங்களை வரிசையாகச் சொன்னார். 'பெற்றவர்களோடும்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. குட்டி பிறந்த அன்று வார்டில் ஒரு பெரியம்மா "பரவாயில்ல, அடுத்தது சிங்கக்குட்டி" என்றபோது நான் சிரித்துவைத்தேன். நீ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பார்த்தும் பார்க்காத மாதிரி பிளாஸ்கைக் கழுவப் போனேன்.

டாக்டரிடம் போனால் பத்துக் கேள்வி கேட்கலாம். எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987லிருந்து இருக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, தேவையில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொண்டாயா என்கிற மாதிரி கேள்விகள்தான். கடைசிக் கேள்வி, உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு மட்டும் மழுப்பாதே. ஒருதரம் வந்திருந்தாலும் சொல். என்னிடமும் சொல். நான் பதறுவேன்தான், பரவாயில்லை, சொல்.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல். தைராய்டு கெட்டாலும் இதே சோர்வு வருமாம். மாத்திரை எழுதினால் பால் கொடுப்பதை நிறுத்தவேண்டுமோ என்று பயப்படாதே. செர்ட்ரலின் மாதிரியானவை பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும் என்றார். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீயாக நிறுத்தக்கூடாது. பேசிப் பேசியே சரியாக்குகிற சிகிச்சையும் உண்டு, எது உனக்கு என்று அவர்கள் சொல்லட்டும்.

நடுராத்திரியில் தாங்கவில்லையென்றால் 14416க்குப் போன் போடு. டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசில்லை, தமிழிலும் பேசுவார்கள். யாரும் இல்லாமல் குரல் கேட்கிறது, தூக்கமே வேண்டாம்போல் இருக்கிறது, யாரோ குட்டியை ஏதோ செய்யப்போகிறார்கள் என்று தோன்றுகிறது என்றால் அது வேறு, அன்றைக்கே ஆஸ்பத்திரி. உன் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்துவைத்துப் பார்க்கும் வார்டு இருக்கிறது. இதை மாப்பிள்ளையும் படிக்கட்டும். ராத்திரி பத்திலிருந்து மூணு வரை குட்டி அவர் பொறுப்பு என்று அவரிடம் பேசிவிட்டேன். "சரிங்கத்தை, இதை நானே செஞ்சிருக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் மதுரையில் ஏறுகிறேன். லேகியம் கொண்டுவரவில்லை, புத்திமதியும் கொண்டுவரவில்லை. பருப்புப்பொடியும் ரெண்டு பழைய வாயில் சேலையும்தான், தூளிக்கு. ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்வேன். காலிங் பெல் அடிக்க மாட்டேன், மாப்பிள்ளை கதவைத் திறந்துவிடுவார். குட்டி அழுதாலும் நீ எழுந்திருக்காதே.

அம்மா